தனுஷ்கோடிக்குப் போகாத வண்டி

2025 மே 9, வெள்ளி. அதிகாலை 4.50

அம்பத்தூர். வண்டி மீட்டர் 41,386. ஆள் இரண்டு, பை மூன்று, தண்ணீர் பாட்டில் நான்கு, கையில் இருக்கும் லீவு ஐந்து நாள்.

இலக்கு தனுஷ்கோடி. சென்னையிலிருந்து கடலை விட்டு விலகாமல் தெற்கே. கத்திரி வெயிலில் எவனாவது பைக்கில் ஊர் சுற்றுவானா என்று கீழ்வீட்டுக்காரர் கேட்டார். நான் சுற்றுவேன். இந்த மாதத்தில் ஏசி இல்லாத அறையை எவனும் சீந்த மாட்டான், அதனால் வாடகை இறங்கும். எங்கள் பட்ஜெட்டுக்கு வெயில் எதிரி இல்லை, கூட்டாளி. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

எனக்கு வேலை கேலிப்ரேஷன். தொழிற்சாலை, ஆஸ்பத்திரி, லேப் என்று போய் அங்கே இருக்கும் தெர்மாமீட்டரும் பிரஷர் கேஜும் உண்மை பேசுகிறதா, பொய் பேசுகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். பார்த்ததை அங்கேயே எழுதிவிடுகிற பழக்கம் அதில் வந்தது. அதனால்தான் இந்த நோட்டும்.

மேகலா என் மனைவி. கல்யாணம் ஆகி ஏழு மாதம். அவள் வேலை செய்த ரத்தப் பரிசோதனை லேபுக்குப் போனபோது, அவர்களுடைய ஃப்ரிட்ஜ் இரண்டு டிகிரி தப்பாகக் காட்டுகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னேன். "எனக்கு ஆறு மாசமாத் தெரியும். யாரும் கேக்கல" என்றாள். அப்படித்தான் பழக்கம்.

அவள் ஊர் தரங்கம்பாடிப் பக்கம் வெள்ளோடைக்குப்பம். மீனவ கிராமம். என் சாதி வேறு. பதிவுத் திருமணம். அவள் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை. மறுநாளே இரண்டு பேருடைய சிம் கார்டையும் மாற்றிவிட்டேன். மிரட்டல் போன் ஒன்றுகூட வரவில்லை. சரியான முடிவு.

கிளம்புகிறோம்.

மே 9, மாலை

புதுச்சேரிக்கு வெளியே ஒரு லாட்ஜ். மின்விசிறி சுற்றுகிறது, காற்று வரவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று இந்த லாட்ஜ்காரர் நினைக்கவில்லை போலிருக்கிறது.

மரக்காணத்தில் உப்பளம் வழியாக வந்தோம். இரண்டு பக்கமும் வெள்ளை. கண் கூசியது. ஹேண்டில்பாரில் கட்டியிருந்த என் தெர்மாமீட்டர் 43 காட்டியது. பெட்ரோல் டேங்க் மேல் தொடை பட்டால் தோசைக்கல்தான். மேகலா துண்டை நனைத்து என் கழுத்தில் போட்டாள். பத்து நிமிஷத்தில் காய்ந்து அப்பளமானது. கழிமுகத்தில் தண்ணீர் நீலமாக, அசையாமல் கிடந்தது. அழகாகத்தான் இருந்தது. ஒப்புக்கொள்கிறேன்.

சாலையோரம் நுங்கு வாங்கினோம். மேகலா கட்டைவிரலால் குத்தி ஒரே உறிஞ்சில் முடித்தாள். எனக்குச் சட்டை முழுக்க.

"இஞ்சினீயரு, ஒரு நுங்கு தின்னத் தெரியல."

"டிப்ளமா. இஞ்சினீயர் இல்ல."

"அதான் பாதி சட்டையில போச்சு."

ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். திங்கட்கிழமை வரை தரங்கம்பாடியைத் தாண்டக் கூடாதாம். அன்றைக்குச் சித்ரா பௌர்ணமி, கடலில் நிலா எழும்புவதைப் பார்க்க வேண்டுமாம். அப்படியானால் தனுஷ்கோடிக்கு ஒரே நாளில் ஓட்ட வேண்டும், அட்டவணை இடிக்கிறது என்றேன். "இடிக்கட்டும்" என்றாள். மேகலா இப்படிப் பேசுகிறவள் இல்லை. நிலா மீது இவ்வளவு ஆசை என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

இன்று மூன்று முறை போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்ப் பேசினாள். கேட்டால் சிக்னல் இல்லை என்கிறாள். நான் நின்ற இடத்தில் சிக்னல் நன்றாகவே இருந்தது.

மே 10, சனி. பிற்பகல்

கடலூர், சிதம்பரம், சீர்காழி தாண்டி இப்போது திருமுல்லைவாசல். சட்டை முதுகில் உப்புக் கோடு விழுந்து வரைபடம் மாதிரி இருக்கிறது.

சாப்பிட ஓர் இடம் சொன்னார்கள். வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் மீனை நாம் வாங்கிக் கொடுத்தால் உள்ளே வறுத்துத் தருவார்கள். மேகலா குனிந்து ஒரு சங்கராவின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது நேத்தியது அக்கா. ஐஸுல கெடந்தது."

"அடியாத்தி! டவுனுப் புள்ளைன்னு நெனச்சனே. செவுளத் தூக்குற தோதப் பாத்தா நம்ம கரைப்பக்கத்துப் புள்ளயால்ல தெரியிது. எந்த ஊரு?"

மேகலா அடுத்த மீனைத் திருப்பிப் பார்த்தாள். எனக்கு அந்தப் பாராட்டு பெருமையாக இருந்ததால் நான் சொன்னேன்: "வெள்ளோடைக்குப்பம்."

"எந்த வூடு?"

"கலியமூர்த்தி வீடு. இவங்க பெரிய பொண்ணு."

அந்த அம்மா நீட்டியிருந்த மீனைத் தட்டில் வைத்தார். சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ஊரு பேச்ச நிறுத்தி வச்சிருக்கே, அந்த வூடா?"

"என்ன நிறுத்தி?" என்றேன்.

"தெரியாதா தம்பி? அந்த வூட்டுல யாருகிட்டயும் ஊருல யாரும் பேசக் கூடாது. பேசுனா அபராதம். கலியமூர்த்திய கடலுக்கு எந்தப் போட்டுலயும் ஏத்தல. பாவம் ஆத்தாக்காரி அமிர்தம், ஏலத்துல நின்னு தொண்ட கிழியக் கத்துதாம். ஏலக்காரன் காதுலயே வாங்க மாட்டானாம். இஞ்ச வந்து எங்களுக்கு மிஞ்சுனத வாங்கிட்டு பஸ்ஸுல போவுது. ஐஸு வைக்கக்கூட ஆளு இல்ல." பிறகு மேகலாவைப் பார்த்து, "ஒன்னாலதான்னு சொன்னாங்க. நீதானா அது?" என்றார்.

மேகலா தலையாட்டினாள்.

அந்த அம்மா பெட்டியின் அடியிலிருந்து வேறு இரண்டு மீன் எடுத்துக் கொடுத்தார். "இது இன்னக்கி உள்ளது. எடுத்துக்க. எங்கிட்ட பேசுனன்னு சொல்லிடாத."

மீன் நன்றாக இருந்தது. மேகலா தொடவில்லை. இரண்டையும் நானே சாப்பிட்டேன். வீணாக்கக் கூடாது.

மே 10, மாலை

கேட்டேன். "நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.

மே 11, ஞாயிறு. பூம்புகார், காலை

கடற்கரையில் ஆள் இல்லை. ஏழு மணிக்கே மணல் கொதிக்க ஆரம்பித்துவிட்டது. மேகலா கருங்கல் மேல் உட்கார்ந்து, கடலைப் பார்த்தபடியே சொன்னாள்.

மார்ச்சில் அவள் தங்கை கோகிலா இன்ஸ்டாகிராமில் தேடிப் பிடித்திருக்கிறாள். அப்போதுதான் இவளுக்கே விஷயம் தெரியும். எங்கள் கல்யாணம் ஊருக்குத் தெரிந்த வாரமே பஞ்சாயத்தார் கூடி வீட்டை விலக்கி வைத்துவிட்டார்கள். கோகிலாவுக்கு அதற்கு முன்பே பக்கத்து ஊரில் மாப்பிள்ளை பார்த்து முடிவாகியிருந்தது. வைகாசியில் கல்யாணம். மீன்பிடித் தடைக்காலத்தில்தான் பெரிய போட்டுக்காரர்கள் எல்லாரும் கரையில் இருப்பார்கள், கல்யாணமெல்லாம் அப்போதுதான். ஆனால் பெண்ணின் ஊர்ப் பஞ்சாயத்தும் பையனின் ஊர்ப் பஞ்சாயத்தும் எதிரெதிரே உட்கார்ந்து வெற்றிலை பாக்கு மாற்றினால்தான் அந்தக் கல்யாணம் கல்யாணம். வெள்ளோடைக்குப்பம் வெற்றிலை எடுக்க மாட்டோம் என்று உட்கார்ந்திருக்கிறது.

"எடுக்கறதுக்கு என்ன வேணுமாம்?"

"நான் வந்து சபையில விழணும். நாளைக்குக் கூட்டம். நாலு மணிக்கு."

"நிலாவும் நாளைக்குத்தானே."

"ஆமா."

"அப்ப இது டூர் இல்ல."

"டூருதான். நடுவுல ஒரு வேல இருக்கு."

ஏழு மாதத்தில் முதல்முறை கத்தினேன். கலெக்டரிடம் மனு கொடுக்கலாம், போலீசுக்குப் போகலாம், இதெல்லாம் எந்தக் காலம், நீ படித்தவள்தானே என்றேன். அவள் பையிலிருந்து மாங்காய்ப் பத்தை எடுத்து உப்பு தொட்டுக் கடித்தாள்.

"குடு மனு. கலெக்டரு வந்து தெனமும் எங்க அம்மாகிட்டப் பேசுவாரா?"

"நீ விழுவியா?"

"விழுவேன்."

"நான் விழ மாட்டேன்."

"உன்ன யாரு கூப்டா? வண்டிய மட்டும் ஓட்டு. அதுவும் முடியலன்னா சொல்லு, பஸ்ஸு இருக்கு."

"எங்கிட்ட மார்ச்சுலயே ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணிருப்ப? இன்ஸ்டாகிராமையும் மாத்திருப்ப."

பின்சக்கரத்தில் காற்று குறைவாக இருந்த மாதிரி தெரிந்தது. காற்றுப் பிடிக்கப் போனேன். வடக்கே பதினொரு கிலோமீட்டர் தள்ளித்தான் ஒரு கடை கிடைத்தது. அவர் சக்கரத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, காற்று சரியாகத்தான் இருக்கிறது என்றார். ஒரு டீ குடித்தேன். திரும்பி வந்தேன்.

அதே கல்லில் உட்கார்ந்திருந்தாள். மாங்காய் தீர்ந்திருந்தது.

"காத்து புடிச்சாச்சா?"

"ம்."

"சரி, ஏறட்டா?"

மே 12, திங்கள். நண்பகல், வெள்ளோடைக்குப்பம்

இரவு தரங்கம்பாடியில் தங்கிவிட்டு வந்தோம். ஊருக்குள் வண்டி நுழைந்ததும் மேகலா என்னை "நீங்க" என்று சொல்ல ஆரம்பித்தாள். "மெதுவா ஓட்டுங்க." எனக்குப் பின்னால் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

திட்டுவார்கள், வண்டியை மறிப்பார்கள் என்று நினைத்துத் தயாராக வந்தேன். ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. தெருவில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்ததும் வேறு பக்கம் பார்த்தார்கள். குழந்தைகளைக்கூட முகத்தைத் திருப்பி உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ஒரு நாய் மட்டும் குரைத்தது. நாய்க்கு அபராதம் இல்லை போலிருக்கிறது.

சுனாமி குடியிருப்பில் பச்சை வண்ணம் அடித்த வீடு. மேகலாவின் அப்பா கலியமூர்த்தி லுங்கியை இறக்கிவிட்டு எழுந்து நின்றார். "வாங்க. வெயிலு" என்றார். பேசி ரொம்ப நாளான குரல். கோகிலா ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. அவளுக்கு இருபத்திரண்டு வயது. பேசுவதற்கு ஆள் கிடைத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பேசினாள்.

அம்மா அமிர்தம் வெளியே வரவில்லை. சமையலறையில் பாத்திரம் மட்டும் சத்தம் போட்டது. மேகலா வாசற்படியில் நின்று "அம்மா" என்றாள். பாத்திரச் சத்தம் நின்றது. அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"பழைய நம்பருக்குப் போட்டுப் போட்டுப் பாத்தேன். உபயோகத்துல இல்லங்குறா ஒருத்தி. தெனமும் போட்டேன். அவளாவது எங்கிட்ட பேசுனா."

பிறகு கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்கள் நடுவே புகுந்து, பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வெளியே போய்ச் செயினுக்கு எண்ணெய் போட்டேன். வேண்டிய அளவுக்கு மேலேயே போட்டேன்.

மே 12, மாலை 6.30

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் தகரக் கொட்டகை. ஆண்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். பஞ்சாயத்தார் ஏழு பேருக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி. பெண்கள் உட்காரக் கூடாது போலிருக்கிறது. கொட்டகைக்கு வெளியே, நிழல் இல்லாத இடத்தில் நின்றிருந்தார்கள். கோகிலாவும் அவர்களோடு, ஆனால் இரண்டு ஆள் இடைவெளி விட்டு. அமிர்தம் அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து அவள் பக்கத்தில் நின்றார். கூடை இடுப்பிலேயே இருந்தது.

தலைவர் பெயர் மதியழகன். வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு போன். சத்தம் போடாமல் பேசுகிற மனிதர்.

"கலியமூர்த்தி, மவ வந்துருக்கா?"

"வந்துருக்குங்க."

"வந்த காரியத்த முடிச்சிட்டுப் போவச் சொல்லு. பொழுதோட கோயிலு வேலை கெடக்கு. தம்பி, நீயும் வா இப்புடி."

"நான் எதுக்கு?" என்றேன்.

"நீதானப்பா புள்ளயக் கூட்டிட்டுப் போன."

"நான் கூட்டிட்டுப் போகல. அவ பஸ்ல வந்தா. டிக்கெட்டும் அவதான் எடுத்தா."

பின்வரிசையில் ஒரு பையன் சிரித்துவிட்டான். பக்கத்திலிருந்தவர் அவன் முதுகில் ஒன்று வைத்தார். கலியமூர்த்தி என் கையைப் பிடித்து அழுத்தினார். வேண்டாம் என்று அர்த்தம்.   

"மொதல்ல அது விழட்டும். ஒன்ன அப்பறம் பாப்போம்" என்றார் தலைவர்.

மேகலா நடுவில் போய் நின்றாள்.

"எந்தப் பக்கம் பாத்து விழணும்?"

"சபையப் பாத்து."

"என்ன தப்புக்குன்னு சொல்லிட்டு விழணுமா, சும்மா விழணுமா?"

நாற்காலிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதை யாரும் கேட்டதில்லை போலும். "சொல்லிட்டுத்தான்" என்றார் தலைவர்.

"அப்ப சொல்றேன். கல்யாணம் பண்ணிக்கிட்டது தப்புன்னு நான் நெனக்கல. ஆனா தப்பு பண்ணிருக்கேன். ஏழு மாசமா எங்க அம்மா ஏலத்துல நின்னு கத்திருக்கு. அண்ணன்னு கூப்புட்ட ஆளு, சித்தப்பான்னு கூப்புட்ட ஆளு, ஒருத்தரும் ஏன்னு கேக்கல. வெறுங்கூடையோட வூட்டுக்கு வந்துருக்கு. அப்ப நான் பக்கத்துல இல்ல. அது தப்பு. அதுக்கு மன்னிப்பு கேக்குறேன்."

சொல்லிவிட்டுத் திரும்பினாள். சபைக்கு முதுகு. கொட்டகையை விட்டு வெளியே வெயிலில் நடந்து போனாள். பெண்கள் விலகினார்கள். அமிர்தத்தின் முன்னால், ஆண்கள் கோயிலில் விழுவார்களே அப்படி, கை நீட்டி, முகம் மணலில் பட, முழு உடம்பும் தரையில் கிடக்க விழுந்தாள்.

என் பையில் தெர்மாமீட்டர் இருந்தது. எடுக்கவில்லை.

அமிர்தம் கூடையோடு நின்றார். குனிந்தும் பார்க்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் நேரம் பார்க்காத சந்தர்ப்பங்கள் குறைவு. பிறகு கூடையைக் கீழே வைத்தார். குனிந்து மேகலாவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"எந்திரிடி. மணலு சுடுது."

கோகிலா அழ ஆரம்பித்தாள். வேறு இரண்டு மூன்று பெண்களும் முந்தானையை எடுத்தார்கள். என் கண்ணில் வியர்வை இறங்கியது. ஹெல்மெட் போட்டால் இப்படி ஆகும். ஹெல்மெட் வண்டியில் இருந்தது.

அதன் பிறகு கொட்டகைக்குள் நடந்ததுதான் கூத்து.

"இது கணக்குல வராது" என்றார் தலைவர்.

"விழுந்துட்டால்ல" என்றார் நாற்காலியில் ஒருவர்.

"நம்ம பக்கம் விழல."

"சபை கூடியிருக்கையில விழுந்தா சபையில விழுந்ததுதான மாமா?"

"சபைக்கிக் காலக் காட்டிக்கிட்டு விழுந்துருக்கு, அது மன்னிப்பா? நாளைக்கி எல்லாரும் அவுக அவுக ஆத்தாக்கிட்ட விழுந்துட்டுப் போயிட்டா, நாம எதுக்கு இஞ்ச?"

அரை மணி நேரம் திசையைப் பற்றிப் பேசினார்கள். தப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. முடிவு: வெள்ளிக்கிழமை மறுபடி கூட்டம். இரண்டு பேரும் சேர்ந்து, சபையைப் பார்த்து விழ வேண்டும். அதுவரை விலக்கு விலக்குத்தான். பேசினால் அபராதம்.

"வெள்ளிக்கிழமையும் நான் விழ மாட்டேன்" என்றேன். "இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் சொல்லலன்னு சொல்லாதீங்க."

யாரும் பதில் சொல்லவில்லை. அபராதம் ஞாபகம் வந்திருக்கும்.

வீட்டுக்கு நடக்கும்போது மேகலாவிடம் கேட்டேன். "இதுதான் பிளானா?"

"இல்ல. அவங்க சொன்ன மாதிரி விழத்தான் வந்தேன். அங்க நின்னு பாத்தா, அம்மா கூடைய எறக்கவே இல்ல." நெற்றியில் மணல் ஒட்டியிருந்தது. துடைக்கப் போனேன். தெருவில் வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டாள். பிறகு, "ரொம்ப சுட்டுச்சு தணிகை" என்றாள். ஊருக்குள் வந்தபின் முதல்முறையாக என் பெயர்.

நிலா எழும்பிக்கொண்டிருக்கிறது. வாசலிலிருந்தே தெரிகிறது. மூன்று பேரும் உள்ளே பேசிக்கொண்டிருக்கிறார்கள். அமிர்தம் அதிகம் பேசவில்லை, ஆனால் பாத்திரம் சத்தம் போடவில்லை.

மே 13, செவ்வாய். பிற்பகல்

காலையில் ஏலக்கூடத்துக்குப் போனோம். தடைக்காலம் என்பதால் பெரிய போட்டு கிடையாது, சின்ன ஃபைபர் படகுகள் மட்டும். சிமெண்ட் தரையில் மீன் குவியல், சுற்றிப் பெண்கள், நடுவில் ஏலக்காரர்.

நேற்று அந்த மணலில் நடந்தது எதையாவது மாற்றியிருக்கும் என்று நினைத்தேன். தப்பு.

"முந்நூறு!" என்றார் அமிர்தம்.

ஏலக்காரர் அவர் தலைக்கு மேலே பார்த்து, "இருநூத்தம்பது, இருநூத்தம்பது, யாரு மேல?" என்றார்.

"முந்நூறுங்குறேன்!" இது மேகலா.

"இருநூத்தம்பது ஒரு தரம்."

தாயும் மகளும் சேர்ந்து கத்தினார்கள். காது இருக்கிறது, கண் இருக்கிறது, இரண்டு அடி தூரத்தில் நிற்கிறார். கருவி இப்படிக் காட்டினால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி உபயோகத்திலிருந்து எடுத்துவிடுவேன். அதைத் தமிழில் அவரிடம் சொன்னேன். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

மூன்றாவது குவியலில்தான் நடந்தது. அமிர்தம் "நானூத்தம்பது" என்றார். யாரும் கேட்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் நின்ற பெண், பச்சைப் புடவை, ஏலக்காரரையே பார்த்துக்கொண்டு, "நானூத்தம்பது" என்றார். அதே தொகை. குவியல் அவருக்கு விழுந்தது. தன் கூடையில் பாதியை அள்ளினார். மீதியைக் காலாலேயே அமிர்தத்தின் கூடைப் பக்கம் தள்ளினார். முகத்தைத் திருப்பவே இல்லை. ஒரு வார்த்தையும் இல்லை. அமிர்தம் மடியிலிருந்து பணத்தை எடுத்து அந்தப் பெண்ணின் கூடை ஓரத்தில் செருகினார். ஊர்ச் சட்டம் ஓர் எழுத்துகூட மீறப்படவில்லை.

அடுத்து ஐஸ். ஐஸ் கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மணி எட்டு, நிழலிலேயே 36. அந்த வெப்பத்தில் மீன் எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்குத் தெரியும். இது என் தொழில். மீன் எப்போது கெடும் என்கிற இந்தக் கணக்கை வைத்துத்தான் ஏழு மாதமாக இந்த அம்மாவைத் தண்டித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் மூன்று பைகளையும் கட்டில் மேல் கவிழ்த்தேன். துணியெல்லாம் குவிந்தது. பைக்குள் பிளாஸ்டிக் தாளை விரித்துக்கொண்டு காரைக்கால் போனேன். ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி, உமி போட்டு, பையில் அடைத்து, பின்சீட்டில் கட்டிக்கொண்டு வந்தேன். முதுகெல்லாம் தண்ணீர். இந்தப் பயணத்திலேயே வெயில் தெரியாமல் ஓட்டியது அந்தத் தூரம்தான்.

அமிர்தம் பையைத் திறந்து பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. மேகலாவிடம், "இன்னும் பொடியா ஒடைக்கணும்னு சொல்லு அவருகிட்ட" என்றார். உடைத்தேன். "போதும்னு சொல்லு" என்றார். நிறுத்தினேன். நான் ஒரு அடி தள்ளித்தான் நின்றிருந்தேன். அவருக்கும் என்னிடம் பேசப் பழக்கமில்லை. நானும் இதுவரை அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. "இந்தாங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

மதியம் எனக்கு முதலில் தட்டு வைத்தார். குழம்பில் தலைத்துண்டு எனக்கு. கோகிலா என் காதில், "அதெல்லாம் அப்பாவுக்குத்தான் வைக்கும்" என்றாள்.

லீவு இன்றோடு முடிகிறது. தனுஷ்கோடி இல்லை. மேகலாவிடம் சொன்னேன். "கடலு எங்கயும் போவாது" என்றாள். வெள்ளிக்கிழமை என்ன செய்யப் போகிறாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இனி நான் செய்யப் போவது:

1. ஆபீசுக்குப் போன். சனிக்கிழமை வரை வர மாட்டேன். காரணம் கேட்டால் உள்ளதைச் சொல்வது. சம்பளம் பிடித்தால் பிடிக்கட்டும்.

2. தினமும் விடிந்ததும் காரைக்கால், ஐஸ். வண்டிக்குப் பின்னால் தெர்மாகோல் பெட்டி வைக்க ஒரு கேரியர் அடிப்பது. வெல்டிங் கடைக்காரர் இந்த ஊராக இருந்தால் பேச மாட்டார். வெளியூரில் அடிப்பது.

3. கலெக்டருக்கு மனு. மேகலா சிரிப்பாள். சிரித்தாலும் கொடுப்பது.

4. கோகிலாவின் மாப்பிள்ளையை நேரில் பார்த்து, வெற்றிலை வராவிட்டாலும் தாலி கட்டுவாயா என்று கேட்பது. மாப்பிள்ளைப் பேச்செல்லாம் எனக்கு வராது. இதே வார்த்தையில் கேட்பது.

5. வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குப் போவது. நிற்பது. மேகலா விழுந்தால் தடுக்காமல் பக்கத்தில் நிற்பது. விழாவிட்டாலும் பக்கத்தில் நிற்பது.

6. நாளைக் காலை ஏலக்கூடத்தில், ஆள் நிறைந்த நேரம் பார்த்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கேட்கிற மாதிரி "அத்தை" என்று கூப்பிடுவது. அவர் "என்ன மாப்ள" என்று சொல்லும்வரை கூப்பிடுவது.